இத்தனை இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே

மருந்துக் கடைக்காரர் கை நழுவவிட்ட புட்டி சிமெண்ட் தரையில் விழுந்து சிதறியது. மஞ்சளாக, மெதுவாக, என் செருப்பை நோக்கி ஊர்ந்து வந்தது எண்ணெய். பின்னாலேயே நெடி. மருந்து வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு படியிறங்கினார்கள்.

"மீனெண்ணெய்ம்மா. கொஞ்சம் வெளிய நில்லுங்க, குமட்டிக்கிட்டு வரும்."

எனக்குக் குமட்டவில்லை. வானம் வந்தது. மீன் நாற்றத்தில் வானம் பார்க்கிற பிறவி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். துடைப்பம் எடுத்துவரப் போன கடைக்காரர் திரும்பி வரும்வரை அங்கேயே நின்றேன். அதற்குள் ஒரு பழைய மாசி மாதம், அதில் நின்ற ஒருத்தியோடு, வந்து போய்விட்டது.

அவள் எனக்கு ஓரகத்தி. என் கணவருடைய அண்ணன் மனைவி. அரியலூரில் அந்த வீட்டுக்கு நான் இரண்டாவது மருமகளாகப் போனபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு முப்பது வயதிருக்கும், எனக்குப் பத்தொன்பது. மருமகள்களைப் பிறந்த ஊரைச் சொல்லிக் கூப்பிடுவது அந்த வீட்டு வழக்கம். நான் குன்னத்தாள். அவள் சிறுவாச்சூராள். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவளை நோக்கி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.

பகலில் அவளைப் பார்க்க வேண்டும். விடியலில் எழுந்து சாணம் தெளிப்பாள், கோலம் போடுவாள், நாலு மாட்டையும் அவிழ்ப்பாள், பத்துப் பேருக்கு உலை வைப்பாள். பருத்தி எடுப்புக் காலத்தில் ஆட்களுக்குக் கூழ் கரைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு கரிசல் காட்டுக்குள் நடப்பாள். காலில் சக்கரம். பொழுது சாய்ந்து விளக்கு வைத்தாயிற்று என்றால் சக்கரம் கழன்றுவிடும். கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். பிறகு எழுந்திருக்க மாட்டாள். "குன்னத்தா, அந்தச் செம்பை எடு", "குன்னத்தா, மோரைக் கொண்டா." உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆட்சி.

"வெளக்கு வெச்சா இவளுக்கு மகாராணிப் பட்டாபிஷேகம்" என்பார் என் மாமியார்.

"நாளெல்லாம் ஒழைக்கிற மகாராணி, செத்த ஒக்காந்தாத்தான் என்னங்கத்தை?" என்று சிரிப்பாள். தயாராக வைத்திருக்கும் சிரிப்பு. எனக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது. மூத்தவள் என்ற திமிர் என்று எண்ணினேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் விளக்கு ஏற்றிய கொஞ்ச நேரம். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள இருட்டு நடையில் நான் நின்றிருந்தேன். எதிரே அவள் வந்தாள். ஒரு கை சுவரில். உதடு அசைந்தது. "ஏழு... எட்டு... ஒம்பது..." நேராக என்னைப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். நான் ஒதுங்கவில்லை, அவள் ஒதுங்குவாள் என்று நின்றேன். அவள் கை நீண்டு என் முகத்தில் வந்து படிந்தது. நெற்றி, மூக்கு, மூக்குத்தி.

"குன்னத்தாளா?"

"ஏங்க்கா, என்னைத் தெரியலியா?"

அந்தக் கை என் வாயைப் பொத்தியது. மழையோசைக்கு அடியில் சொன்னாள். "வெளக்கு வெச்சா எனக்கு ஒண்ணும் தெரியாதுடி. வெளக்கு மட்டும் ஒரு மொட்டு மாதிரித் தெரியும், அதைச் சுத்தி அத்தனையும் கருப்பு. ரெண்டாவது உண்டானப்ப ஆரம்பிச்சுது. ஆறு வருசம் ஆச்சு. யாருக்கும் தெரியாது."

மூன்று பிள்ளை பெற்று மூன்றும் தங்காத மருமகள். இதுவும் தெரிந்தால் கோழிக்கண்ணி என்று பெயர் வைத்து வண்டி கட்டிச் சிறுவாச்சூருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பெரியவருக்கு, அவள் கணவருக்கு, வேறு பெண் பார்க்கலாமா என்ற பேச்சு ஏற்கனவே ஒருமுறை எழுந்து அடங்கியிருந்தது. அவருக்கு இது தெரியுமா என்று கேட்டேன். அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் கோவிலிலிருந்து இருட்டித் திரும்பும்போதெல்லாம் அவர் செருப்பைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடப்பாராம். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இவள் பின்னால் வந்துவிடுவாள். பகலில் அப்படி நடக்கிற மனிதர் இல்லை.

இன்றைக்கு யோசித்தால் அவள் கண்ணில் இருந்தது குறை, காரணம் அவள் தட்டில் இருந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் அடிப்பானைச் சோறும் நீர்மோரும். நெய், பால், கீரை எல்லாம் அவளுக்கு முன்பே தீர்ந்திருக்கும். மாட்டுக் கொட்டில் கூட்ட வருகிற அம்மாள் மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டிருந்தாள். என்னிடம் ரகசியமாகச் சொன்னாள்: "எங்க புள்ளைவளுக்கு வரும். ஆட்டு ஈரலைச் சுட்டு நாலு நாளு குடுப்போம், கண்ணு தெறந்துக்கும். ஒங்க வூட்டுல அது ஆவாதே."

ஆகாது. அந்த வீட்டில் வெங்காயம் உரித்த கத்தியைக்கூட விரத நாளில் தனியாக வைப்பார்கள். முட்டை என்ற சொல்லைச் சொன்னால் வாய் கொப்பளிப்பார் மாமியார். இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. அவர் கணவர் சுவாச நோயில் கிடந்தபோது டாக்டர் ஆட்டுக்கால் சூப்புக் கொடுக்கச் சொன்னாராம். "குடிச்சிருந்தா பொழைச்சிருப்பாரு. குடிக்க மாட்டேன்னுட்டுப் போய்ச் சேர்ந்தாரு" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அழுகை இருக்காது. ஒரு மனிதரைக் கொடுத்து வாங்கிய சைவம் அது.

தை மாதம் எனக்குக் காதுவலி. ஆஸ்பத்திரிக்குப் போனேன். கம்பவுண்டர் ஏலாக்குறிச்சிக்காரர், வேதக்காரர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர். காதுக்குச் சொட்டு வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டில் ஒருவருக்கு மாலைக்கண் என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. ஒரு பழுப்புப் புட்டியை எடுத்து வைத்தார்.

"சுறா எண்ணெய். சீமை எண்ணெய் கப்பல்ல வரதில்ல, மலையாளக் கரையில காய்ச்சுனது. காலையில ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டி. பேரைச் சொல்லாமக் குடுத்துடுங்க."

நான் பேரைச் சொல்லாமல்தான் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்தாள். முகம் மாறியது.

"என்னடி இது?"

"மருந்துக்கா."

"மருந்து சரி. எந்த எலையில புழிஞ்சது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சிறுவாச்சூர் ரோட்டுல சந்தைக்குக் கருவாட்டு வண்டி போவும். அது போயி அரை நாழிக்கு அப்பறமும் ரோட்டுல இந்த வாசம் நிக்கும். என்கிட்டயா மறைக்கிற?" புட்டியைக் கீழே வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். கடைசியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. கண்ணில் நீர் முட்டியது. நாலு கல் உப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். மாசி பிறந்திருந்தது. மாடியில் வடகம் காயப் போட்டிருந்தோம். பொழுது சாய்வதற்குள் அள்ளிக்கொண்டு இறங்கிவிடுவது அவள் வழக்கம். அன்று ஆட்கள் கூலிக்கு நின்றதில் நேரமாகிவிட்டது. மாடிக்குப் போனவள் வரவில்லை. விளக்கு ஏற்றியும் வரவில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி. ஓடினேன்.

நடு மாடியில் நின்றுகொண்டிருந்தாள். வடகத் துணியின் ஒரு முனை கையில், மறுமுனை தரையில், வடகமெல்லாம் காலடியில். தலை பின்னால் சரிந்து கொண்டை அவிழ்ந்திருந்தது. நிலா இல்லாத ஆகாயம்.

"குன்னத்தா. இது என்னடி இத்தனை?"

"நட்சத்திரம்க்கா."

"அது தெரியும். சின்னதுல பார்த்துருப்பேன். ஆனா பார்த்தேன்னு ஞாபகம் இல்ல. கண்ணு இருந்தப்ப யாரு பார்த்தா?" கையை நீட்டினாள், எதையோ தொடப் போகிறவள் போல. "இத்தனை இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே..."

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. அதற்கு என்ன பெயர் சொல்வது? பக்தி என்றால் அவள் கும்பிடவில்லை. படிப்பு என்றால் அவளுக்கு எழுத்து வராது. பசி என்று சொல்லலாம். அந்த வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவள் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டாள். விளக்கு வைத்தவுடன் தூணுக்கு வருகிறவள் இப்போது விளக்கு வைத்தவுடன் மாடிக்குப் போனாள். "மகாராணி மச்சுக்குக் குடி போயிட்டா" என்றார் மாமியார். காற்றுக்காக என்று எண்ணிக்கொண்டார்.

யாரைப் பார்த்தாலும் கேள்வி. பஞ்சாங்கம் படிக்க வருகிற ஐயரை நடுக்கூடத்தில் மறித்தாள். இருபத்தேழு நட்சத்திரமும் பாட்டாக வந்தது அவருக்கு. "அதுல ஒண்ணைக் காட்டுங்க சாமி" என்றாள். அவர் மேல்துண்டைச் சரி செய்துகொண்டார். "காட்டறதாவது! அதெல்லாம் கணக்கும்மா." கம்பவுண்டரை என்னை விட்டுக் கேட்கச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரிஞ்சது ஏசு பொறந்தப்ப மூணு ராஜாவுக்கு வழி காட்டுன நட்சத்திரம் ஒண்ணுதாங்க. அதுவும் கோயில் படத்துல." அதோடு நிற்காமல் இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். அரியலூர் மண்ணே ஒருகாலத்தில் கடலாம், ஓடையில் கிடக்கிற கல் சங்கெல்லாம் அந்தக் கடலில் உயிரோடு ஊர்ந்தவையாம். அதைக் கேட்டு அவள் வெகுநேரம் சிரித்தாள். "அப்ப இந்த ஊர்ல மொதல்ல குடியிருந்ததே மீனுதான். நாமதான் அப்பறம் வந்து சைவம் பேசறோம்."

கடைசியில் விஷயம் தெரிந்தவளாகக் கிடைத்தவள் கொட்டில் கூட்டுகிற அம்மாள்தான். இருட்டில் களையெடுக்கப் புறப்படுகிறவர்களுக்கு ஆகாயம்தான் கடியாரம். கொல்லைப் படலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நாங்கள்.

"அந்தா, கொத்தா இருக்குல்ல, அது ஆறாமீனு, நீங்க கார்த்திகைம்பீங்களே அதான். உச்சிக்கு வந்து சாஞ்சிருச்சு பாருங்க. அந்தா, பளீர்னு தனியா நிக்கிது, அது செட்டியைக் கெடுத்த வெள்ளி."

"செட்டியை எதுக்குக் கெடுத்துது?"

"அது புரட்டாசியில நடுச்சாமத்துலயே கெளம்பும்மா. விடிவெள்ளி வந்துருச்சுன்னு நெனச்சு மூட்டையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புனாராம் செட்டியாரு. பாதிக் காட்டுல போறாரு, விடியவே மாட்டேங்குது. கள்ளன் வந்து புடுங்கிக்கிட்டான். இப்பவும் எங்காளுங்க அதை நம்பி வண்டி கட்டிக்கிட்டு, பருத்திய ஏத்திக்கிட்டு ரயிலடிக்குப் போயி, பூட்டுன கேட்டு முன்னாடி தூங்கி வழிவாங்க."

"வெள்ளி மேல என்ன தப்பு? அது அதும் பாட்டுக்கு வருது. பார்த்தவன்தானே தப்பாப் பார்த்தான்" என்றாள் ஓரகத்தி. விளையாட்டாகச் சொல்லவில்லை.

எழுதத் தெரியாதவள் பார்த்ததை எங்கே வைப்பது? வாசலில் வைத்தாள். விடியலில் கோலப் பொடியோடு உட்கார்ந்து, முதல்நாள் மாடியில் கண்டதை அப்படியே புள்ளியாக இறக்கினாள். நடுவில் மூன்று ஒரே வரிசை, மேலே இரண்டு, கீழே இரண்டு. தள்ளி ஒரு பெரிய புள்ளி.

மாமியார் வெளியே வந்து பார்த்தார். "புள்ளி வெச்சுருக்கு. கோடு எங்கடி?"

"கோடு அங்க இல்லீங்கத்தை."

"எங்க இல்ல?"

"நேத்து பார்த்த எடத்துல."

"இவளுக்குக் காத்துக் கருப்பு அடிச்சிருச்சு" என்று திருநீறு எடுத்துவந்து பூசினார். அன்போடுதான் பூசினார்.

அருந்ததியைத் தேடியது பங்குனி முழுவதும். இதைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் அம்மி மிதித்தபின் மாப்பிள்ளை பெண்ணை வாசலுக்குக் கூட்டிவந்து ஆகாயத்தைக் காட்டுவார். அருந்ததி தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரிகிறது என்று பெண் சொல்ல வேண்டும். கொளுத்துகிற வெயிலில், பட்டப்பகலில், எல்லாப் பெண்களும் சொல்கிறோம். நானும் சொன்னேன். அவளுக்கு அது முள்ளாகக் குத்த ஆரம்பித்துவிட்டது.

"வாழ்க்கையையே தெரியாததைத் தெரியுதுன்னு சொல்லித்தானடி ஆரம்பிச்சேன். அப்பறம் ஆறு வருசம் அதையேதான் சொன்னேன். செம்பு தெரியுதா, தெரியுது. படி தெரியுதா, தெரியுது. போதும்."

வடகிழக்கில் ஏழு ரிஷிகள் ஏறி வந்தார்கள். வால் பக்கம் நடுவில் இருப்பவர் வசிஷ்டர், அவரை ஒட்டிக்கொண்டு பொடியாக இருப்பவள் அருந்ததி. என் பள்ளிக்கூடப் பாடத்தில் வந்த அந்த ஒரு வரிதான் எனக்குத் தெரிந்த வானசாஸ்திரம்.

"தெரியுதுக்கா, அந்தா!" என்றேன் ஒருநாள்.

"நெசமாத் தெரியுதா?"

"...இல்லக்கா."

"அப்ப தெரியலன்னு சொல்லு. தெரியலன்னு சொன்னாத்தான் நாளைக்கும் பாக்கத் தோணும்."

நாளைக்கும் பார்த்தாள். அதற்கு மறுநாளும். மேகமிருந்தால் மேகத்தைப் பார்த்தாள். சித்திரையில் வெக்கை தாங்காத ஓர் அந்தியில், மல்லாந்து படுத்திருந்தவள் பேச்சை நிறுத்தினாள். மூச்சையும் நிறுத்தினாற்போல் இருந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுகியது. "ஒட்டிக்கிட்டிருக்கா" என்றாள். "ஊசிமுனை மாதிரி. ஆனா இருக்கா."

இந்த இடத்தில் நிறுத்திவிடலாமா என்று எனக்கு ஆசை. அவள் நிறுத்தவில்லையே.

கீழே இறங்கினாள். கூடத்தில் பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமியார் விசிறிக்கொண்டிருந்தார். இவள் அரிக்கேன் விளக்கைத் தாண்டி, சுவரைத் தொடாமல், எண்ணாமல், நேராக வந்து அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். முகம் கல்யாணப் பெண் முகம்.

"நம்ம கல்யாணத்தன்னிக்குக் காட்டுனீங்களே, அருந்ததி. இன்னிக்குத்தாங்க தெரிஞ்சுது."

அவர் கை சோற்றில் நின்றது. விசிறியும் நின்றது.

"பின்ன அன்னிக்கி என்னத்தைப் பார்த்த?" என்றார் மாமியார்.

"அன்னிக்கி ஒண்ணும் பாக்கலீங்கத்தை. ஆறு வருசமா ராத்திரியில எதையுமே பாக்கல. இப்பத்தான் பாக்கறேன்."

சந்தோஷத்தில் வாய் திறந்துவிட்டது. அவ்வளவுதான். கேள்விமேல் கேள்வி. ஆறு வருசமாக மறைத்தாயா? இப்போது எப்படித் திறந்தது? என்ன மருந்து? யார் கொடுத்தது? பரணில் பழைய பானைகளுக்குப் பின்னாலிருந்த புட்டியை மாமியாரே எடுத்துவந்தார். மூடியைத் திறந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். சாமி அறை வாசலில் தாம்பாளத்தில் சூடம் ஏற்றினார் மாமியார். அந்த வீட்டில் எந்த வழக்கும் அதில்தான் தீரும். உள்ளங்கையால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு யாரும் கிளறக்கூடாது.

"தெரியாமச் செஞ்சுட்டேன், இனிமே தொட மாட்டேன்னு அணை. நான் எல்லாத்தையும் மறந்துடறேன்" என்றார். கெஞ்சினாற்போலத்தான் இருந்தது. "எவ கொண்டாந்து குடுத்தா? அதையும் சொல்லிடு."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் கணவருக்கு முன்னால், மாமியாருக்கு முன்னால், நான்தான் என்று வெளியே வரவில்லை.

"நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்" என்றாள் அவள்.

"சரி. அணை."

"தெரிஞ்சுதாங்கத்தை குடிச்சேன். நாளைக்கும் குடிப்பேன். குடிக்க மாட்டேன்னு எப்படி அணைக்கறது?"

"ஒரு வார்த்தை சொல்லிடேன்" என்றார் பெரியவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் சூடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கட்டிச் சூடம். கொழுந்து உயர்ந்தது, வளைந்தது, நீலமானது. அது தாம்பாளத்தில் கருப்பாக ஒரு வட்டம் போட்டுவிட்டுத் தானாக எரிந்து முடிந்தது. அவள் கை முன்னால் நீளவில்லை. அந்த வீட்டில் அணைக்கப்படாமல் தீர்ந்த சூடம் அது ஒன்றுதான் என்று பிறகு சொன்னார்கள்.

"அடுப்படிக்குள்ள காலெடுத்து வைக்காத" என்றார் மாமியார். குரல் உயரவில்லை. "சாமிகிட்டயும் வராத."

மூத்த மருமகளுக்கு அடுப்படி என்பது கோட்டை. சாவி, உப்பு, யாருக்கு எத்தனை கரண்டி என்கிற அதிகாரம் எல்லாம் அங்கேதான். அது போயிற்று. கொட்டிலை ஒட்டின தவிட்டு அறைக்குப் பாயோடு போனாள். நான் சோற்றைத் தட்டில் போட்டுக் கொண்டுபோய் வைப்பேன். வேறு பெண் பார்க்கிற பேச்சு மீண்டும் எழுந்தது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அது மறுப்பா, சம்மதமா, யாருக்கும் புரியவில்லை.

முன்பு மறைந்து வந்த புட்டி இப்போது தெருவில் வந்தது. திங்கட்கிழமைதோறும் அவளே பகல் வெளிச்சத்தில், தலை குனியாமல், காலிப் புட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். "என்னடி சிறுவாச்சூராளே, மீனு வெலை எப்படி?" என்று ஒருத்தி வாசலிலிருந்து கேட்டாள். "மலிவுதான். ஒங்களுக்கு ஒரு புட்டி வாங்கியாரட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கொல்லையில் வந்து உட்கார்ந்தபின்தான் புட்டியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"நான்தான் வாங்கியாந்தேன்னு அத்தைகிட்டச் சொல்லிடட்டுமாக்கா?"

"சொல்லி? ரெண்டு பேரும் வெளிய ஒக்காந்தா சோத்தை யாரு கொண்டாறது?"

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இத்தனை வருஷமாகச் சுமக்கிறேன்.

ஆடியில் ஒருநாள் அந்திக்கு மேல் பெரியவர் கொல்லைக்கு வந்தார். செருப்புத் தேய்கிற சத்தம் கேட்டது. பழக்கம். தவிட்டு அறை வாசலில் நின்று, "எது?" என்றார். அவள் எழுந்து வடமேற்கே காட்டினாள். அவர் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "தெரியல" என்றார்.

"அன்னிக்கும் ஒங்களுக்குத் தெரியலல்ல?"

"தெரியல."

"பரவால்ல. இப்ப சொல்லிட்டீங்க" என்றாள். அவர் போகும்போது காலைத் தூக்கி வைத்து நடந்தார்.

ஆவணியில் என் கணவருக்கு மதராஸில் ரேஷன் ஆபீஸில் வேலை கிடைத்தது. புறப்பட நாலு நாள் இருக்கையில், பொழுது சாய்ந்த நேரத்தில் மாமியார் கொல்லைப் படி தெரியாமல் கால் வைத்து விழுந்துவிட்டார். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு பானை தூக்க முடியாது. நானும் போய்விட்டால் அடுப்புக்கு ஆளில்லை. சமையலுக்கு ஆள் வைக்கலாம் என்றதற்கு, "எந்தக் கையி எதைத் தொட்டுச்சோ" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவ சூடத்தை அணைச்சுட்டு வரட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

நாங்கள் புறப்படுகிற அந்தியில் வாசலில் வண்டி பூட்டி நின்றது. ரயிலுக்கு நேரமாகிறது என்று என் கணவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கொல்லைக்கு ஓடினேன். தவிட்டு அறைக்கு முன்னால், திறந்த வெளியில், மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டிக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். தெற்கே மரங்களுக்கு மேல் நட்சத்திரத் தேள் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்திருந்தது.

"அக்கா, அணைச்சிடுங்க. அத்தை எறங்கி வந்துட்டாங்க. ஒரு வார்த்தைதானே. நான் மதராஸ்லேந்து ஆள் மூலமா புட்டி அனுப்பறேன். ரகசியமாக் குடிங்க. ஒங்க அடுப்படியும் கெடைக்கும், கண்ணும் இருக்கும்."

ஊதுகுழலைக் கீழே வைத்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த மங்கலில் என் முகத்திலிருந்த ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரிந்தது என்பது எனக்குத் தெரிந்தது. கோபம் இல்லை. முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்தாள். வாசலில் மாட்டுக் கழுத்துமணி குலுங்கியது.

"அணைக்க மாட்டேன்னு சொல்லிடு. ரசம் கொதிக்குது, சோறு வடிச்சாச்சுன்னும் சொல்லு. வேணும்னா தட்டை எடுத்துக்கிட்டு இங்க வரச் சொல்லு. இருட்டா இருக்கேன்னு அவங்க பயப்பட வேணாம். நான் வந்து கையப் புடிச்சுக் கூட்டியாறேன்."